35 நாளும் முதல் பஸ்ஸும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஐ.எம்.ஆர்.டி. என்கிற கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றி அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். மெஷின் படம் பளபளவென்று இருந்தது. என் கடைக்கு வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு, உங்க அக்காவுக்கு வைத்தது இதுதானே என்று கேட்டார்கள். இதுதான். எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மெஷினுக்குக் கீழே 35 தடவை அக்காவைப் படுக்க வைத்துக் கூட்டி வந்தவன் நான், படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்கள் எதுவும் அதிலும் இல்லை. மெஷின் எவ்வளவு துல்லியம் என்று எழுதினீர்கள், சரி. ஒரு நாள் விடாமல் நோயாளி போய்ச் சேர்ந்தால்தான் அந்தத் துல்லியத்தால் முழுப் பலன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீளக் கடிதம்.

உசிலம்பட்டி பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். அக்காவுக்கு 58 வயது. மாமா இறந்து பல வருடமாகிறது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மகள் நர்சிங் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், ஆக எது என்றாலும் தம்பி நான்தான். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே உண்டு, களை எடுக்கப் போகிற இடத்தில் எல்லோரும் போடுவார்கள், அதை ஒரு தப்பாக யாரும் நினைத்ததில்லை. ஒரு பக்கக் காது வலிக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். சொட்டு மருந்து விட்டோம். அப்புறம் கழுத்தில் நெறி கட்டியது, சொத்தைப் பல்லால் இருக்கும் என்று பற்றுப் போட்டோம். மூன்று மாதம் இப்படியே போனது. கடைசியில் அடிநாக்கில் கட்டி என்று தெரிந்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, புற்றுநோய்தான் என்று உறுதியான அன்றைக்கு டாக்டர் சொன்னார்: காதில் ஒரு கோளாறும் இல்லாமல் ஒரே பக்கக் காது வாரக்கணக்கில் வலித்தால் தொண்டையைப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நரம்பு வழியில் தொடர்பு இருக்கிறது. இதையும் நீங்கள் என்றைக்காவது கட்டம் கட்டிப் போடலாம்.

ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சும் கூடவே வாரம் ஒரு கீமோவும் என்று முடிவானது.

எங்கள் பக்கம் இதற்குப் பெயர் கரண்ட் வைக்கிறது. இந்தப் பெயரே பாதி பயத்தைக் கொண்டு வந்துவிடுகிறது. ஷாக் அடிக்கும், உள்ளே கருகிப் போகும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், கரண்ட் வைத்தால் அப்புறம் மூன்று மாதம்தான் என்று ஒரு கிழவி அக்காவின் காது படவே சொல்லிவிட்டுப் போனாள். உண்மையில் அங்கே நடப்பது எக்ஸ்ரே. 1895ல் ரான்ட்ஜென் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தாரே, கை ஒடிந்தால் படம் எடுக்கிறார்களே, அதே ஜாதிக் கதிர், ஆற்றல் மட்டும் பல மடங்கு அதிகம். படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்துவார்கள், பத்துப் பதினைந்து நிமிடம் மெஷின் சுற்றி வரும், ஒரு ரீங்காரம் கேட்கும், அவ்வளவுதான். முதல் நாள் முடிந்து வெளியே வந்த அக்கா, "எப்பத் தம்பி வைப்பாங்க?" என்று கேட்டாள்.

இன்னொரு கொடுமை, பேரனைத் தூக்காதே, உன் உடம்பில் இருந்து கதிர் வரும் என்று வீட்டில் உள்ளவர்களே ஒதுக்கியது. வெளியில் இருந்து லீனியர் ஆக்சிலரேட்டர் என்கிற அந்தக் கதிர் மெஷினில் கொடுக்கிற கதிர் ஸ்விட்சை அணைத்ததும் போய்விடும், டியூப்லைட்டை அணைத்தால் வெளிச்சம் அறைக்குள் தங்குமா? தைராய்டு புற்றுக்குக் குடிக்கக் கொடுக்கிற கதிரியக்க அயோடின் வேறு கதை, அதற்குச் சில நாள் ஒதுங்கி இருக்கச் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒரு பாட்டியைப் பேரனிடமிருந்து இரண்டு வாரம் பிரித்து வைத்தோம். அக்கா மகள் கோவையில் இருந்து போனில் எல்லோரையும் திட்டின பிறகுதான் சரியானது.

சரி, மெஷின் என்ன செய்கிறது. அங்கே கதிர் அளவுக்குக் கணக்குப் போடுகிற ஃபிசிசிஸ்ட் ஒருவர், சின்ன வயதுப் பையன், நான் தையல்காரன் என்று தெரிந்ததும் ஒரு மத்தியானம் உட்கார வைத்து விளக்கினார். மெஷினின் தலைக்குள் டங்ஸ்டன் உலோகத்தில் மெல்லிய தகடுகள் எதிரெதிரே இரண்டு வரிசை, அந்த மெஷினில் 60 ஜோடி, ஹார்மோனியக் கட்டை மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். தகடு மறைக்கிற இடத்தில் கதிர் ஏறக்குறைய நின்றுவிடும், விலகுகிற இடத்தில் போகும். எந்தப் பக்கத்தில் இருந்து எந்தத் தகடு எத்தனை நேரம் விலகியிருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதனால் ஒரே கற்றைக்குள்ளேயே ஒரு இடத்தில் அடர்த்தியாகவும் பக்கத்திலேயே லேசாகவும் கதிரைக் கொடுக்க முடிகிறது. பல திசைகளில் இருந்து அப்படிக் கொடுக்கும்போது, கட்டி வளைந்து நெளிந்து இருந்தாலும் அதன் வளைவுக்குத் தகுந்த மாதிரி கதிர் போய் விழுகிறது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்தக் கணக்குப் போடுகிற விதம். முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, அதன் ஒவ்வொரு படத்திலும் கட்டி எங்கே, நெறி எங்கே, தண்டுவடம் எங்கே, எச்சில் சுரப்பி எங்கே என்று டாக்டர் கையால் கோடு போடுகிறார். அப்புறம், கட்டிக்கு 70 கிரே போய்ச் சேர வேண்டும், தண்டுவடத்தில் எந்த இடத்திலும் 45ஐத் தாண்டக் கூடாது, காதடிச் சுரப்பிக்குச் சராசரி 26க்குள் நிற்க வேண்டும் என்று முடிவை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குத் தகடுகள் எப்படி நகர வேண்டும் என்று கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள். கிரே என்பது கதிரின் அளவு. எங்கள் தொழிலில் அளவு எடுத்து, துணி வெட்டி, தைத்து, போட்டுப் பார்த்தால்தான் தொங்குகிறதா பிடிக்கிறதா என்று தெரியும். இங்கே போட்டுப் பார்த்த சட்டை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்படி வர துணியை எப்படி வெட்டலாம் என்று பின்னால் இருந்து வருகிறார்கள். இந்த யோசனை 1980களில் ஸ்வீடனில் ஆண்டர்ஸ் பிராமே என்ற விஞ்ஞானி கணக்காகப் போட்டுக் காட்டியதாம், நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1990களின் நடுவில். பிளான் தயாரானதும் நோயாளிக்கு முன்னால் ஒரு பொம்மைக்கு அதே கதிரைக் கொடுத்து, கணக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் பத்து நாள் வரை ஆகிவிடும், அந்தப் பத்து நாள் காத்திருக்கும்போது, நோய் வளர்கிறதே, சும்மா உட்கார வைத்திருக்கிறார்களே என்று நாங்கள் சண்டை போட்டோம். சும்மா இல்லை, உள்ளே வேலை நடக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டோம்.

காதடிச் சுரப்பி என்றேன். பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அந்த இடம்தான். பழைய முறையில் இடமும் வலமுமாக இரண்டு பக்கமும் நேராகக் கதிர் போகும், வழியில் இருக்கிற இரண்டு சுரப்பியும் சேர்ந்து வெந்துவிடும், எச்சிலே ஊறாது. எங்கள் தெருவில் பல வருடத்துக்கு முன்னால் கோபால்ட் என்கிற பழைய கதிர் மெஷினில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் இருந்தார், நோய் போய்விட்டது, ஆனால் சாகிற வரைக்கும் எங்கே போனாலும் கையில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மடக்கு, இரவில் நாலு தடவை எழுந்து வாயை நனைப்பார். இங்கிலாந்தில் 94 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2011ல் வெளியிட்டார்கள், அக்கா மகள் தேடிப் படித்துச் சொன்னாள். சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில், தொந்தரவு தருகிற அளவு வாய் வறட்சி பழைய முறையில் நூற்றுக்கு 74 பேருக்கு, ஐ.எம்.ஆர்.டி.யில் 38 பேருக்கு. பாதிக்குப் பாதி. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மெஷின் படத்துக்குக் கீழே யாரும் எழுதுவதில்லை: நோய் கட்டுப்படுவதிலோ உயிர் பிழைப்பதிலோ இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த மெஷின் என்றால் நோய் சீக்கிரம் போய்விடும், அதிக நாள் இருப்பாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தருவது இருக்கிற நாளில் சோறு தொண்டையில் இறங்குகிற சுகத்தை. அது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பெரியவரைப் பார்த்தவன் யாரும் சொல்ல மாட்டான். ஆனாலும் எது எதற்கு என்று தெரிந்து போய்ப் படுப்பது நல்லது.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

தினம் 2 கிரே, திங்கள் முதல் வெள்ளி வரை, 7 வாரம், 35 தடவை, மொத்தம் 70. இப்படிப் பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதிர் பட்ட நல்ல செல்கள் மறுநாளைக்குள் ஓரளவு தங்களைச் சரிசெய்துகொள்ளும், புற்று செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. சனி ஞாயிறு லீவு அந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் அதற்கு மேல் நாள் தவறினால், முக்கியமாக நாலாவது வாரத்துக்கு மேல் தவறினால், செத்தது போக மிச்சம் இருக்கிற புற்று செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய 1 முதல் 1.4 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து நாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் நான் இதைச் சொன்னபோது, "பாதிக் காட்டுல களை எடுத்துட்டு ஒரு வாரம் வீட்ல உக்காந்த மாதிரியா?" என்றாள். அதேதான்.

இது எங்களுக்குத் தெரிந்தது ஐந்தாவது வாரத்தில். அதற்குள் நாலு நாள் போய்விட்டது. ஒரு நாள், சித்தப்பா வீட்டுக் கேதம், சாவு வீடு. எங்கள் ஊரில் கேதத்துக்குப் போகாவிட்டால் தலைமுறைக்கும் பேச்சு நிற்கும், ஒரு நாள்தானே, 35ல் ஒன்று குறைந்தால் கடைசியில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நானே அக்காவைக் கூட்டிப் போனேன். அந்தக் குற்றம் என்னுடையது. இரண்டு நாள் மெஷின் ரிப்பேர். காலையில் முதல் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்திருந்து பதினொரு மணிக்கு மேல், இன்னைக்கு இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள், மறுநாளும் அதே. முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் அடித்துச் சொல்ல ஆள் இல்லையா? விட்டுப்போன இரண்டு நாளை எப்படி ஈடுகட்டப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. நாலாவது நாள், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பஸ்ஸை ஊருக்கு வெளியேயே நிறுத்திவிட்டார்கள், அந்தக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு மூக்கில் டியூப் போட்ட பொம்பளையை நடத்திக் கூட்டிப் போக முடியாமல் திரும்பி வந்துவிட்டோம். அழகரைக் குறை சொல்லவில்லை, அவர் வருகிற தேதி எல்லாக் காலண்டரிலும் இருக்கிறது. அந்தத் தேதியைப் பார்த்து முந்தின சனிக்கிழமையே ஒரு தடவை வைத்திருக்கலாம் அல்லவா? அப்படிச் செய்ய வழி உண்டு. சனிக்கிழமை கூடுதலாக வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைப்பார்கள். இதையும் அக்கா மகள்தான் கேட்டுச் சொன்னாள், அவள் போன் செய்து பேசின பிறகுதான் இரண்டு சனிக்கிழமையும் ஒரு வெள்ளிக்கிழமை இரட்டைத் தடவையும் கிடைத்தது. நர்சிங் படித்த மகள் இல்லாத அக்காக்கள் என்ன செய்வார்கள்?

மருத்துவமனையின் பெயரை எழுத மாட்டேன், மதுரையில் இருக்கிறது என்பது போதும். டாக்டர் கெட்டவர் இல்லை, மெஷினும் நல்ல மெஷின். சொல்ல ஆள் இல்லை, அதுதான் குறை.

பஸ் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இருந்து உசிலம்பட்டி வந்து, அங்கிருந்து செக்கானூரணி வழியாக மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு, அங்கே இறங்கி ஆட்டோ. உசிலம்பட்டியில் இருந்து மட்டுமே 40 கிலோமீட்டர். போக வர 80, அதை 35 தடவை பெருக்கினால் 2,800 கிலோமீட்டர், மதுரையில் இருந்து டெல்லிக்கே போய்விடலாம். மூன்றாவது வாரத்தில் இருந்து வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கினால் கண்ணீர் வருகிறது, கழுத்துத் தோல் வெயிலில் காய்ந்த மாதிரி கறுத்துச் சிவந்து கிடக்கிறது, இந்த நிலையில் ஒருத்தி தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில். ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். அகல ரயில் பாதை வந்து 2022ல் தேனிக்கும் அடுத்த வருடம் போடிக்கும் ரயில் விட்டார்கள், உசிலம்பட்டியிலும் நிற்கிறது. ஆனால் நாங்கள் அலைந்த நாட்களில் அந்தத் தினசரி ரயில் காலையில் மதுரையில் இருந்து போடிக்குப் போனது, சாயங்காலம்தான் மதுரைக்குத் திரும்பியது. வைத்தியத்துக்கு மதுரைக்குப் போகிறவனுக்கு நேர் எதிர். புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் கொடுத்தால் போதும், அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு நாங்கள் எந்த ரயிலில் ஏறுவது? ஒரு வாரம் லாட்ஜில் தங்கிப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை, என் கடையும் பூட்டிக் கிடந்தது.

காத்திருக்கிற ஹாலில் எங்களைவிட மோசமான பாடு கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வந்த பெண்களுக்கு. கீழ் வயிற்றில் கதிர் வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளி நிற்கும் என்று தண்ணீர் குடிக்க வைத்து அடக்கிக்கொண்டு உட்கார வைப்பார்கள். மெஷின் வரிசை தாமதமானால் எத்தனை நேரம் அடக்குவார்கள்? முடிந்து வெளியே வந்தால் வயிற்றுப்போக்கு, அதோடு மேலூருக்கும் நத்தத்துக்கும் பஸ் ஏற வேண்டும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சுக்கு வந்த 300 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை 2021ல் வெளியிட்டது. தினமும் படம் எடுத்துச் சரிபார்த்து ஐ.எம்.ஆர்.டி. கொடுத்தபோது, மூன்று வருடத்துக்குள் தொந்தரவு தருகிற குடல் கோளாறு நூற்றுக்கு 42 பேர் என்பது 21 ஆகக் குறைந்தது. நம் நாட்டுப் பெண்களிடமே பார்த்த கணக்கு. அந்தப் பெண்களில் ஒருத்தருக்காவது இது தெரிந்திருக்குமா என்று அந்த ஹாலில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

அடுத்தது மாஸ்க். தலை அசையக் கூடாது என்று முகத்துக்கு ஒரு வலை மாஸ்க் செய்கிறார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கிற பிளாஸ்டிக் தகடு, வெந்நீரில் போட்டதும் ஊறிய அப்பளம் மாதிரி துவண்டுவிடும், அதை முகத்தின் மேல் போட்டு இழுத்துப் பிடித்தால் மூக்கு, தாடை எல்லாம் அச்சாகப் பதிந்து சில நிமிடத்தில் இறுகிவிடும். பிறகு தினமும் அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். நல்ல ஃபிட்டிங், தொழில்காரன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, 52 கிலோ இருந்தவள் நாலாவது வாரம் 45க்கு வந்துவிட்டாள். அவள் ரவிக்கையை நான் இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டாவது தடவை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது, ரவிக்கை இரண்டு விரல் தொளதொளத்தால் மாஸ்க் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் கேட்டேன். முதலில் டெக்னீஷியன், அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். மாஸ்க்கைப் போட்டதும் தாடையை அசைக்க முடிகிறது என்று அக்காவே ஜாடையில் காட்டின பிறகு டாக்டரைக் கூப்பிட்டார்கள், புதிதாக ஸ்கேன், புது மாஸ்க், புது பிளான். மில்லிமீட்டர் கணக்கில் வளைத்துக் கொடுக்கிற கதிர், ஆள் இளைத்தால் விழ வேண்டிய இடத்தை விட்டுத் தள்ளி விழும், பழைய முறையில் அகலமாகப் போகிற கதிருக்கு இந்தக் கவலை இவ்வளவு இல்லை. துல்லியத்துக்கு இது ஒரு விலை. என் கடையில் தப்பு நடந்தால் பிரித்துத் தைத்துக் கொடுப்பேன், அங்கே அது முடியாது. அதனால்தான் எடை குறையாமல் பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்ந்தது, மூக்கு வழியே டியூப் வைக்கலாம் என்றால் பயந்து ஓட வேண்டாம். நாங்கள் இரண்டு வாரம் ஓடினோம், சோற்றுக் கஞ்சியை இளம் சூட்டில் கரண்டி கரண்டியாக ஊட்டிவிடலாம் என்று. முடியவில்லை.

பல்லைப் பற்றி. தலை, கழுத்தில் கதிர் வைப்பதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும், எடுத்த இடம் ஆற இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும், அப்புறம் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து வருடக்கணக்கில் இருக்கிறது. ஐ.எம்.ஆர்.டி.யில் இந்த ஆபத்து குறைவுதான், இல்லை என்று ஆகிவிடாது. அக்காவுக்குக் கீழ்க் கடைவாயில் இரண்டு சொத்தை. யாரும் பார்க்கச் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து நாலு மாதத்தில் வலி எடுத்தது. உசிலம்பட்டியில் ஒரு பல் டாக்டர், கரண்ட் வைத்த வாயா என்று கேட்டுவிட்டு, நல்ல மனிதர், தொட மாட்டேன் என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது ஃபுளோரைடு ஜெல், வேர் சிகிச்சை, உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம். முன்பே போயிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, ஐ.எம்.ஆர்.டி.யும் அதில் இருக்கிறது. எங்களிடம் முதலில் கவுண்டரில், பழைய முறை என்றால் கார்டில் பார்க்கலாம், இது என்றால் தனிக் காசு என்றார்கள், இரண்டாவது ஆளிடம் கேட்டதும் கார்டிலேயே முடிந்தது. அதனால் ஒரு கவுண்டரில் கேட்டுவிட்டு நகையை அடகு வைக்க ஓடாதீர்கள் என்று என் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். மதுரை அரசுப் பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது என்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது, புற்றுநோய் என்றால் ஒன்று சென்னை அடையாறு ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் கையில் காசு என்றுதான் இன்னமும் நினைக்கிறார்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும் ஐ.எம்.ஆர்.டி. தேவைப்படுவதும் இல்லை. எங்களுக்குப் பக்கத்து பெஞ்சில் வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், நோய் முதுகெலும்புக்குப் பரவி வலி தாங்காமல் வந்தவர், அந்த நவீன மெஷின் முறைதான் வேண்டும் என்று மகனைக் கடன் வாங்க அனுப்பியிருந்தார். எலும்பு வலிக்குப் பெரும்பாலும் சாதாரண முறையில் 8 கிரே ஒரே ஒரு தடவை வைத்தாலே போதும் என்று டாக்டர் அவருக்கு அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னதை நானே பார்த்தேன். அவர் நம்பவில்லை. பேப்பரில் படம் பெரிதாக வந்தது எது என்று பார்த்து வைத்தியம் கேட்கிற காலம் இது. அந்தப் பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அட்மிஷன் போடும்போதே 35 கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு நாள் விட்டால் உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடு, இப்படி ஈடுகட்டுவோம் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள், வாரா வாரம் எடை எழுத அதிலேயே ஒரு வரிசை இருக்கட்டும். வெளியூர்க்காரர்களுக்குக் காலை பத்து மணி என்றால் பத்து மணிக்கே கூப்பிடுங்கள், உள்ளூர்க்காரர்கள் மத்தியானம் வரட்டும், அவர்களுக்கு வீடு பக்கத்தில் இருக்கிறது. மதுரையில் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு எத்தனையோ சமூகத்தாரின் மண்டகப்படிகளும் சத்திரங்களும் இருக்கின்றன, அவற்றில் வருடம் முழுக்கச் சும்மா கிடக்கிற அறைகளில் நாலைந்தை இந்த 7 வார நோயாளிகளுக்கு விட்டால் என்ன குறைந்துவிடும்? யாராவது மனசு வைத்தால் நடக்கும், என் சமூகத்து மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன், கமிட்டி கூடிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கமிட்டி எப்போது கூடும் என்றுதான் சொல்லவில்லை.

அக்கா இப்போது 48 கிலோ. ரசம் சோறு தண்ணீர் குடிக்காமலே இறங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய்க் காட்டி வருகிறோம், போன தடவை பார்த்தபோது கட்டி தெரியவில்லை என்றார் டாக்டர், இரண்டு மூன்று வருடம் கழியட்டும் என்றும் சொன்னார். புகையிலையை விட்டுவிட்டாள், வெறும் வெற்றிலை மட்டும் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள், பாக்கும் ஆகாது என்று மகள் அதற்கும் விடவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, உங்கள் பக்கத்தில் இடம் இருக்காது என்று தெரியும். வெட்டித்தான் போடுவீர்கள் என்றால் என் பஸ் கதையை வெட்டுங்கள், கேதக் கதையையும் வெட்டுங்கள், அந்தப் பல் பத்தியையும் நாள் தவறக் கூடாது என்கிற பத்தியையும் மட்டும் அப்படியே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி பக்கத்து ஒரு தையல்காரன்